கரமனை வீடும் கடல் கடந்த வாரிசுகளும்

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்துப் பெரும் மாளிகைகள் விலைக்கு வருவது புதிய செய்தியன்று. அந்நாட்டில் 1894-ஆம் ஆண்டு இறந்தோர் சொத்தின்மீது வரி விதிக்கப்பட்டது. இரு உலகப் போர்களுக்குப் பின் பணியாட்களும் அருகினர். வரி கட்ட வழியற்ற வாரிசுகள் மாளிகைகளை விற்றனர், வாங்குவாரில்லாதபோது இடித்தனர். 1974-இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் நடந்த கண்காட்சி, அவ்வாறு மறைந்த ஆயிரத்திற்கும் மேற்பட்ட மாளிகைகளை எடுத்துக்காட்டியது. இழந்த பின்னரே பலர் இழப்பின் அளவை உணர்ந்தனர்.

இச்செய்தி நமக்கெதற்கு என அன்பர்கள் வினவலாம். திருவனந்தபுரம் கரமனை அக்கிரகாரத்து வீடுகள் மாளிகைகள் அல்ல. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லைக் கிணறு என ஒடுங்கி நீண்ட இல்லங்களே. ஆயினும் விலைக்கு வரும் காரணம் ஏறக்குறைய ஒன்றே: வீடு இங்கே, வாரிசுகள் எங்கோ.

நம் முன்னோர் தமிழகத்திலிருந்து வந்து ஆற்றங்கரையில் குடியமர்ந்தனர். சத்தியவாகீசுவரர் கோயிலைச் சுற்றி அவர்கள் வாழ்வு வளர்ந்தது. 1970-இல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தத்தால் குத்தகை நிலத்தின் நெல்வரவு பல குடும்பங்களுக்கு நின்றது. பிள்ளைகள் உத்தியோகம் தேடிப் பம்பாய்க்கும், பின்னர் கடலுக்கப்பாலும் சென்றனர். 1976 டிசம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கேரளச் சட்டம் கூட்டுக் குடும்பச் சொத்தைத் தனித்தனிப் பங்காக்கிற்று. ஆகவே இன்று ஒரு சிறு வீட்டை விற்கவும் பல நாட்டுக் கையெழுத்துக்கள் தேவைப்படுகின்றன.

விற்பது தவறென்று நாம் கூறவில்லை. பூட்டிய வீட்டைக் கறையான் காக்காது. ஆனால் அவசரத்தில் விற்பது தவறு. அக்கிரகாரத்தில் இரு வீட்டுக்கு ஒரு சுவர் பொதுவாயிருத்தல் உண்டு. ஒரு வீட்டை இடித்தால் அடுத்த வீட்டுச் சுவர் மழையில் நனையும்; அங்குத் தனியே வாழும் முதியவருக்கு அந்நாள் முதல் நிம்மதியில்லை. நம் பங்கின் விலையில் அவருடைய உறக்கமும் அடங்கியுள்ளது.

ஆதலால் அன்பர்கள் சிலவற்றைக் கருதுவார்களாக. முதலில் எல்லாப் பங்காளிகளும் கலந்து முடிவு செய்க. ஆதாரம், கரம் கட்டிய ரசீது, குடிக்கடச் சான்று ஆகியவற்றைத் திரட்டுக. வெளிநாட்டில் எழுதும் முக்தியார் பத்திரத்திற்கு அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ நோட்டரியிடமோ சான்று பெறுக. அது இந்தியா வந்த மூன்று மாதத்திற்குள் முத்திரைத் தீர்வை செலுத்துக. தரகரிடம் சொல்லுமுன் அண்டை வீட்டாரிடமும் உறவினரிடமும் சொல்லுக. குடியிருக்க விரும்புவோர்க்கு வாடகைக்கு விடலாமா என்றும் எண்ணுக.

இங்கிலாந்தில் 1937-இல் ஒரு வழி கண்டனர். மாளிகையை நேஷனல் டிரஸ்டுக்கு அளித்துவிட்டு, அக்குடும்பமே அதில் தொடர்ந்து வாழலாம் என்பதே அது. அத்தகைய ஏற்பாடு நம் சிறு வீடுகளுக்கு எளிதன்று. எனினும் உடைமை கைமாறினும் வீடு நிலைக்கலாம் என்னும் கருத்து நமக்கும் பொருந்தும்.

விற்றே தீரவேண்டுமெனில், திண்ணையில் பிள்ளைகளை அமர்த்திப் புகைப்படமேனும் எடுத்துக்கொள்வோம். எங்கிருந்து வந்தோம் என்று அவர்கள் நாளை கேட்கும்போது, நம்மிடம் காட்ட ஒரு வாசற்படியாவது இருக்கட்டும்.