அனுப்புமுன் ஒரு புரூஃப்

எழுதி முடித்த கையோடு திருத்த உட்காராதீர்கள். எழுதியவர் கண்ணுக்குத் தாளில் இருப்பது தெரியாது. எழுத நினைத்ததுதான் தெரியும். ஓர் இரவு கழியட்டும். அவசரமென்றால் எழுத்துருவை மாற்றி, அச்செடுத்து, பேனாவோடு படியுங்கள்.

முதல் வாசிப்பு பெயர்களுக்கும் எண்களுக்கும் மட்டும். இனிஷியல், ஊர், தேதி, தொகை எல்லாவற்றையும் மூலத்தோடு ஒப்பிட்டு டிக் அடியுங்கள். தேதியும் கிழமையும் பொருந்துகின்றனவா என்று காலண்டரைப் பாருங்கள். அழைப்பிதழில் ஒற்றுப்பிழையைப் பொறுத்துக்கொள்வார்கள். கிழமை தவறினால் விருந்தினர் அன்றைக்கு வரமாட்டார்கள்.

அடுத்தது எழுத்து. இங்கேதான் நிதானம் வேண்டும். 'பணி நிறைவு விழா' என்பது 'பனி நிறைவு விழா' ஆகிவிட்டால் பிழைதிருத்தி பெரும்பாலும் பேசாமல் இருந்துவிடும், ஏனென்றால் பனியும் நல்ல சொல்தான். வலி, வளி, வழி. கரை, கறை எல்லாம் இப்படித்தான். ல, ள, ழ வரும் சொற்களில் விரல் வைத்து நகருங்கள். கண்ணுக்கே தெரியாத பிழையும் உண்டு: 'கௌரவம்' என்பதில் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பும் ளகரமும் தட்டச்சாகியிருக்கும். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. தேடினால் சொல் கிடைக்காது. ஒரேயடியாக மாற்றவும் கூடாது, 'தெளிவு' கெட்டுவிடும். ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும்.

பிறகு ஒற்று. 'கீரைக்கடை' விற்கும் இடம். 'கீரை கடை' மத்தெடுக்கச் சொல்வது. அதற்காகக் கண்ட இடத்தில் ஒற்றைப் போடக்கூடாது. ஊறுகாய், சுடுசோறு போன்ற வினைத்தொகையில் ஒற்று மிகாது.

வினைமுற்றையும் பாருங்கள். தமிழில் அது கடைசியில் நிற்பதால், எழுவாயைப் பன்மையாக்கியவர் வினையை மறந்துவிடுவார். 'மாணவர்கள்' என்று தொடங்கிய வாக்கியம் 'வந்தார்' என்று முடியும்.

வாணி, நாவி போன்ற திருத்திகளை இதன்பின் ஓட்டலாம். அவை காட்டுவதை ஏற்பதா என்று நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும்.

கடைசியாக, ஒருவர் மூலப்படியை உரக்கப் படிக்க, மற்றவர் புரூஃபைப் பார்க்கட்டும். ஒப்புநோக்குதல் என்னும் இந்தப் பழைய முறையை மிஞ்ச இன்னும் எதுவும் வரவில்லை என்பது என் கருத்து. 1887இல் வெளிவந்த சீவகசிந்தாமணிப் பதிப்புக்காக உ.வே.சாமிநாதையர் கும்பகோணத்தில் பாடம் நடத்திக்கொண்டே, சென்னையில் அச்சான படிவங்களைத் திருத்தினார். நமக்கு ஒரு பக்கம்தானே!

திருத்திய வரியை மட்டும் மறுபடி படியுங்கள். திருத்தும்போதும் புதுப்பிழை நுழையும். அதன்பிறகு அனுப்புங்கள்.