பிளாட்பாரம் ஏன் உயரமானது?

ரயில் நிலையம் என்றதும் நமக்குக் கட்டடமும் மணிக்கூண்டும்தான் ஞாபகம் வரும். நான் சொல்லப் போவது நம் காலுக்குக் கீழே இருக்கும் பிளாட்பாரத்தைப் பற்றி.

1830-ல் இங்கிலாந்தில் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. மான்செஸ்டரில் அப்போது கட்டிய நிலையம் இன்னும் இருக்கிறது. பார்த்தால் பணக்காரர் வீடு மாதிரி இருக்கும். முதல் வகுப்புக்குத் தனி வாசல், இரண்டாம் வகுப்புக்குத் தனி வாசல்! ஆனால் உயர்ந்த பிளாட்பாரம்? கிடையாது. எல்லாரும் தரையிலிருந்துதான் ஏறினார்கள். வாசல் வேற வேற, ஏறுற கஷ்டம் ஒண்ணுதான்!

நம் தென்னிந்தியாவில் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. பெரிய பெரிய தூண்களோடு ராயபுரம் கட்டடம் இன்றும் நிற்கிறது. பிறகு 1873-ல் சென்ட்ரல், 1908-ல் எழும்பூர். எழும்பூரில் கார் நேராகப் பிளாட்பாரம் பக்கத்திலேயே போய் நிற்க வழி வைத்தார்கள். கட்டடம் இப்படி அரண்மனை மாதிரி வளர்ந்தது. சின்ன ஊர் பிளாட்பாரங்கள் மட்டும் ரொம்ப நாள் தாழ்வாகவே இருந்தன.

கணக்கைப் பாருங்கள். அகலப்பாதை ரயில் பெட்டியின் தரை, தண்டவாளத்திலிருந்து சுமார் 125 செ.மீ. உயரம். இந்திய ரயில்வேயில் பிளாட்பாரம் மூன்று வகை. உயர்மட்டம் என்றால் 76 முதல் 84 செ.மீ. வரை. தாழ்மட்டம் 45 செ.மீ. அளவு. மூன்றாவது, தண்டவாள மட்டம். உயர்மட்டத்தில் ஓரிரு படி ஏறினால் போதும். மூன்றாவது வகையில் முழு 125 செ.மீ.யும் நாமேதான் ஏறணும்.

எங்க பாட்டி ஊர் ஸ்டேஷன் அந்த மூன்றாவது வகை. வண்டி ரெண்டே நிமிஷம்தான் நிற்கும். பாட்டிக்கு மூட்டு வலி. போன பொங்கலுக்கு அப்பா மேலே இருந்து கையைப் பிடித்து இழுக்க, நான் கீழே இருந்து தாங்கிப் பிடித்தேன். ஏறி உட்கார்ந்ததும், "இனிமே நீங்களே ஊருக்கு வாங்கடா, என்னால ஆகாது"ன்னு சொல்லிட்டாங்க. ஊர்க்காரங்க மணிக்கூண்டா கேட்கிறாங்க? ரெண்டு அடி மேடுதான்!

இன்னொரு விஷயம். பிளாட்பாரம் சமமாக இருக்கிற மாதிரி தெரியும், ஆனால் சமம் இல்லை. 60 அடிக்கு 1 அடி என்ற கணக்கில் தண்டவாளத்துக்கு எதிர்ப் பக்கமாகச் சரித்துப் போடுகிறார்கள். சக்கரம் வைத்த பெட்டியோ, குழந்தை வண்டியோ தானாக உருண்டு தண்டவாளத்தில் விழக்கூடாது என்பதற்காக. மழை நாளில் ஸ்டேஷனுக்குப் போனால் தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாருங்க.