பக்கத்து இருக்கையில் ஒரு மோட்டார் சைக்கிளோட்டி

காலை நேரத்தில் நம் வளாகத்து மோட்டார் நிறுத்துமிடத்தை ஒருமுறை பாருங்கள். கிள்ளானிலிருந்தும் ஷா ஆலாமிலிருந்தும் காப்சாயில் வந்து போகும் மாணவர்கள் எத்தனை பேர் என்பது விளங்கும். கொட்டும் மழையில் மேம்பாலத்தின் கீழ் ஒதுங்கி நின்று, மழை விட்டதும் ஈரச் சாலையில் லோரிகளுக்கு இடையே புகுந்து வகுப்புக்கு வந்து சேர்பவர்கள் இவர்கள். இப்படிப்பட்டவரை இன்னொருவர் ஓட்டும் மகிழுந்தின் முன் இருக்கையில் உட்கார வைத்தால் கதையே வேறு. கை மேலேயுள்ள கைப்பிடியைத் தேடும். வலது கால் அங்கில்லாத பிரேக்கை மிதிக்கும். நானும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். என் மாமா தம் காரில் என்னை ஏற்றிச் செல்லும்போதெல்லாம், "ஏன்டா, ஓட்டுறது நானா நீயா?" என்று கேட்பார்.

கேலி ஒரு பக்கம் இருக்கட்டும். கணக்குப்படி பார்த்தால் இந்தப் பயம் தலைகீழானது. மலேசியாவில் 2016ஆம் ஆண்டில் 7,152 பேரும், 2019ஆம் ஆண்டில் 6,167 பேரும் சாலை விபத்துகளில் உயிரிழந்தனர். இவர்களுள் பத்தில் ஆறு பேருக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். ஆக, ஆபத்து மிகுந்த வாகனத்தில் நிம்மதியாகப் போகிறவர், அதைவிடப் பாதுகாப்பான வாகனத்தில் ஏறியதும் நடுங்குகிறார். இஃது ஏன்?

உளவியலாளர்கள் முதலில் சுட்டிக்காட்டுவது கட்டுப்பாட்டை. வாகனம் நம் கையில் இருக்கும்போது ஆபத்தின் அளவு நமக்குச் சிறியதாகத் தெரிகிறது. பிறர் கைக்குப் போனதும் பெரிதாகிவிடுகிறது. 1981இல் ஓலா ஸ்வென்சன் என்னும் சுவீடன் நாட்டு ஆய்வாளர், வாகனம் ஓட்டும் திறமையில் தாங்கள் எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்று மாணவர்களிடம் கேட்டார். அமெரிக்க மாணவர்களில் 93 விழுக்காட்டினர் தங்களை மேல் பாதியில் வைத்துக்கொண்டனர். பாதிப் பேருக்குத்தானே மேல் பாதியில் இடம்! கிள்ளானில் இதே கேள்வியைக் கேட்டால் நூற்றுக்கு நூறு கிடைத்தாலும் நான் வியக்கமாட்டேன். நாம் திறமைசாலி என்று நம்புகிறோம். பக்கத்தில் ஓட்டுபவரோ நம் கணக்கில் கீழ்ப் பாதியைச் சேர்ந்தவர். பிறகு எப்படி நிம்மதியாக உட்கார முடியும்?

இங்கிலாந்தில் ஹார்ஸ்வில், மெக்கென்னா ஆகிய இருவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. சாலைக் காட்சிகளைப் படமாகக் காட்டி, சிலரை ஓட்டுநராகவும் சிலரைப் பயணியாகவும் கற்பனை செய்துகொள்ளச் சொன்னார்கள். காட்சிகள் ஒன்றே. ஆனாலும் பயணியாக நினைத்துக்கொண்டவர்கள் குறைந்த வேகத்தையே விரும்பினர்.

ஆனால், இது மட்டும் காரணம் என்றால் மகிழுந்து ஓட்டுபவர்களும் பிறர் காரில் இதே அளவு தவிக்க வேண்டும். மோட்டார் ஓட்டுபவரின் தவிப்பு கூடுதல் என்றே எனக்குப் படுகிறது. அதற்குக் காரணம் உடலில் இருக்கிறது.

வளைவில் மோட்டார் சைக்கிள் உட்பக்கமாகச் சாய்கிறது. புவியீர்ப்பும் வளைவின் விசையும் சேர்ந்து ஓட்டுபவரை இருக்கையை நோக்கியே அழுத்துகின்றன. உடல் பக்கவாட்டில் தள்ளப்படுவதில்லை. பல ஆண்டுகள் இப்படி ஓட்டியவருக்குச் சாயாத வளைவு என்பது சறுக்கும் வளைவு. மகிழுந்தோ சாய்வதில்லை, உள்ளே இருப்பவரை வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. ஓட்டுநருக்குப் பிடித்துக்கொள்ள ஸ்டீயரிங் இருக்கிறது. எப்போது திருப்பப்போகிறோம் என்பதும் முன்கூட்டியே தெரியும். பயணிக்கு இரண்டும் இல்லை. 1991இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இருவர் இருவராக ஒரே சுழற்சிக்கு ஆளாக்கப்பட்டனர். சுழற்சியைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு ஒருவரிடம் மட்டுமே இருந்தது. அசைவு ஒன்றாக இருந்தும், கட்டுப்படுத்தியவருக்குக் குமட்டல் குறைவாக இருந்தது. ஓட்டுபவருக்கு அரிதாகவே தலைசுற்றல் வருவதன் காரணம் இதுதான்.

வேகம் குறைப்பதிலும் வேறுபாடு உண்டு. காப்சாயில் முறுக்கிய கையைத் தளர்த்தினாலே வண்டி அடங்கத் தொடங்கும். பிரேக் அதற்குப் பிறகுதான். முன்னால் சிவப்பு விளக்கு தெரிந்ததும் நம் கை தானாகத் தளர்கிறது. தானியங்கி கியர் காரில் காலை எடுத்தாலும் அந்த அடக்கம் அவ்வளவாகத் தெரிவதில்லை. 'இவர் இன்னும் பார்க்கவில்லையோ?' என்று மனம் பதறும் நேரத்தில் ஓட்டுநர் தம் கணக்குப்படி பிரேக் மிதிக்கிறார். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 25 மீட்டர் கடக்கிறோம். அந்த ஒரு விநாடிதான் கைப்பிடியைப் பிடிக்க வைக்கிறது.

மோட்டார் ஓட்டுபவரின் கண் எப்போதும் ஓர் இடைவெளியைத் தேடிக்கொண்டே இருக்கும். முன்னால் போகிறவர் சட்டென்று நின்றால் எந்தப் பக்கம் நழுவலாம் என்ற தேடல் அது. முக்கால் மீட்டர் அகல வண்டிக்கு அந்த இடைவெளி பெரும்பாலும் கிடைத்துவிடும். காரில் உட்கார்ந்தாலும் கண் அதே வேலையைச் செய்கிறது. ஆனால், ஒன்றே முக்கால் மீட்டர் அகலமான கார் அதில் நுழையாது. தப்பும் வழி கண்ணுக்குத் தெரிந்தும் அதில் போக முடியாத நிலை, வழியே தெரியாததைவிடக் கொடியது.

கிள்ளான்வாசிகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1970களின் தொடக்கத்தில் கூட்டரசு நெடுஞ்சாலையில் அமைக்கப்பட்ட மோட்டார் சைக்கிள் தனிப்பாதை உலகிலேயே முதலாவது என்று சாலைப் பாதுகாப்பு நூல்கள் குறிப்பிடுகின்றன. 1990களின் தொடக்கத்தில் அது ஷா ஆலாம் பகுதியில் நீட்டிக்கப்பட்டபோது, மோட்டார் சைக்கிள் விபத்துகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக ராடின் உமார் குழுவினரின் ஆய்வு காட்டியது. அந்தப் பாதையில் குறைகள் இல்லாமல் இல்லை. மழை பெய்தால் நீர் தேங்கும், சுரங்க வழிகள் இருட்டாக இருக்கும். என்றாலும், கிள்ளான் துறைமுகத்துக் கொள்கலன் லோரிகள் நமக்கு அங்கே தடுப்புக்கு அப்பால்தான் ஓடுகின்றன. காரில் ஏறிய அன்றைக்குத்தான் அதே லோரியின் சக்கரம் நம் கண்ணாடிச் சன்னலுக்கு நேராகச் சுழலக் காண்கிறோம்.

ஆயினும், இந்தப் பயத்தை முழுக்க மாயை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஓட்டுநர் கவனிக்காத ஒன்றை இந்தப் பயணி கவனிக்கிறார்: பின்னாலிருந்து வரும் மோட்டார். மகிழுந்து ஓட்டுபவர்கள் மோட்டாரைக் 'காணவில்லை' என்பது உலகெங்கும் தெரிந்த சிக்கல். அதனால்தான் 1992 முதல் நம் நாட்டில் பகலிலும் மோட்டாரின் முன்விளக்கு எரிய வேண்டும் என்ற விதி வந்தது. கண்ணில் படாததால் நேரும் விபத்துகள் அதன்பின் சுமார் 29 விழுக்காடு குறைந்ததாக அதே ஆய்வாளர்கள் கணித்தனர். குறைந்தன, மறையவில்லை. பக்கவாட்டுக் கண்ணாடியில் ஒரு சிறு விளக்கு பெரிதாகிக்கொண்டே வருவதைப் பார்த்துப் பழகியவர் நாம். சமிக்ஞை போடாமல் அண்ணன் தடம் மாறும்போது நம் வயிறு கலங்குவது, அந்த விளக்கின் பின்னால் இருக்கிறவரை நாம் அறிந்திருப்பதால்தான்.

சிக்கல் அதைச் சொல்வதில் இருக்கிறது. நிகழ்ச்சிகள் முடிந்து நள்ளிரவில் மூத்த மாணவர்களின் காரில் ஐந்து பேராகத் திரும்புகிறோம். ஓட்டுபவர் காலையிலிருந்து நாற்காலி தூக்கியவர். "மெதுவாப் போங்கண்ணே" என்றால் அவருடைய திறமையைக் குறை சொன்னதாகிவிடும். மாமாவிடமோ சித்தப்பாவிடமோ சொல்லவே வேண்டாம். வயதில் சிறியவர் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் நம் வீட்டு வழக்கம். உயிர் போகும் விஷயத்திலும் இந்த மரியாதை தேவையா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். என் அனுபவத்தில் ஒரு வழி பலிக்கிறது. அறிவுரையாகச் சொல்லாமல் செய்தியாகச் சொல்வது. "இடப்பக்கம் மோட்டார் வருதுண்ணே" என்றால் யாரும் கோபிப்பதில்லை; கண் தானாகக் கண்ணாடிக்குப் போகிறது. சில நாளில், "அந்தப் பக்கம் பாருடா" என்று அவர்களே கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். வேலை கிடைத்ததும் நம் பயமும் பாதியாகிறது. பின் இருக்கையில் இருப்பவர்கள் பெல்ட் போட வேண்டும் என்பது 2009 ஜனவரி முதல் சட்டம், முதலில் நாம் போட்டுவிட்டு, "பெல்ட் எங்க மாட்டிக்கிச்சு?" என்று பக்கத்தில் தேடினால் மற்றவர்களும் போடுவார்கள்.

இறங்கும்போதும் ஒரு வேலை இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ இரண்டாம் வரிசையில் காரை நிறுத்தி, "சீக்கிரம் இறங்கு" என்பார்கள். நிறுத்திய காருக்கும் நடைபாதைக்கும் நடுவே உள்ள சந்தில்தான் மோட்டார்கள் வரும். முன் இருக்கைப் பயணி திறக்கும் கதவு நேராக அந்தச் சந்தில்தான் விரியும். சைக்கிள்கள் மிகுந்த நெதர்லாந்தில் இதற்கு ஓர் எளிய பழக்கம் உண்டு. கதவுக்கு அருகிலுள்ள கையால் திறக்காமல், தள்ளியிருக்கும் கையால் திறப்பார்கள். நம் ஊரில் முன் இருக்கைப் பயணிக்கு அது வலது கை. வலது கையை இடப்பக்கக் கதவுக்குக் கொண்டுபோனால் தோள் திரும்பும். தோளோடு முகமும் திரும்பும். பின்னால் வரும் மோட்டார் கண்ணில் படும்.