நோயுற்ற காலத்தில் உணவே விரதம்

நாற்பது ஆண்டுகளாக ஏகாதசி விரதம் தவறாத மூதாட்டி அவர். புற்றுநோய்க்குக் கீமோதெரபி தொடங்கிய பின் உணவின் வாசனையே அவருக்குக் குமட்டுகிறது. “இன்று ஏகாதசிதானே, எனக்கு ஒன்றும் வேண்டாம் அம்மா” என்று மருமகளிடம் கூறித் தட்டை நகர்த்திவிடுகிறார். வீட்டாரும் அவரது பக்தியை மதித்து வற்புறுத்தாமல் விட்டுவிடுகின்றனர். பல இல்லங்களில் நிகழக்கூடிய இச்செயல் ஆபத்தானது. உடல் எடை வெகுவாகக் குறைந்தால், அடுத்த தவணை மருந்தைத் தள்ளிவைக்கவோ அதன் அளவைக் குறைக்கவோ நேரிடலாம்.

சாஸ்திரமும் இங்கே விலக்கு அளிக்கிறது. எட்டு வயது முதல் எண்பது வயது வரை உள்ளோர்க்கே ஏகாதசி உபவாசம் விதிக்கப்பட்டது; அவர்களிலும் நோயுற்றோர்க்குக் கட்டாயமில்லை. நீர், கிழங்கு, கனி, பால், மருந்து ஆகியவை விரதத்தைக் கெடுப்பதில்லை என்பதும் தர்ம சாஸ்திர மரபே.

கீமோதெரபி மருந்துகள் மூளையில் வாந்தியைத் தூண்டும் பகுதியைக் கிளறிவிடுகின்றன. சிலருக்கு அன்றே குமட்டும். சிலருக்கு மறுநாள் தொடங்கிச் சில நாட்கள் நீடிக்கும். குமட்டல் வந்தபின் அடக்குவதினும் வருமுன் தடுப்பது எளிது. எனவே, மருத்துவர் தந்த வாந்தித் தடுப்பு மாத்திரையைக் குறித்த நேரத்தில் தவறாது உட்கொள்ள வேண்டும்.

மூன்று வேளை உணவை ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரிப்பது நலம். சூடான உணவில் வாசனை மிகுதி. ஆறிய இட்லி, புதிதாகப் பிசைந்த தயிர்சாதம், கஞ்சி ஆகியவை எளிதில் இறங்கும். புரதத்திற்குக் குழைந்த பருப்பும் பாலும் உதவும். தாளிக்கும் நேரத்தில் நோயாளி அடுக்களைக்கு அப்பால் இருக்கட்டும். சாம்பிராணிப் புகையும் சிலருக்கு ஒவ்வாது. நீரை உணவோடு நிறையப் பருகாமல், இடையிடையே சிறிது சிறிதாகப் பருகலாம். வாயில் உலோகச் சுவை தோன்றினால், எவர்சில்வர் தம்ளருக்குப் பதிலாகக் கண்ணாடித் தம்ளரைப் பயன்படுத்தலாம். உண்டவுடன் படுக்கலாகாது. கஷாயம், லேகியம் எதுவாயினும் மருத்துவரைக் கேட்டே கொடுக்க வேண்டும்.

இச்சிகிச்சையில் இரத்த வெள்ளணுக்கள் குறைவதால் தொற்று எளிதில் பற்றும். நெடுநேரம் வெளியில் இருந்த பிரசாதத்தையும், காய்ச்சாத நீராலான தீர்த்தத்தையும் கண்களில் ஒற்றிக்கொள்வதே போதுமானது.

ஒரு நாள் முழுவதும் நீர்கூட வயிற்றில் தங்காவிடினும், சிறுநீர் மிகவும் குறைந்தாலும், காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டினாலும் பொழுது விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனையை நாட வேண்டும்.

உறவினர் கடிந்து ஊட்டினால் உணவின்மீது வெறுப்பே வளரும். இரண்டு கரண்டி கஞ்சியை அன்புடன் அருகே வைத்து, அரைமணி கழித்து மீண்டும் கேட்பதே நன்று. இறைவனை நினைந்து உண்ணும் அந்த ஒரு வாயும் வழிபாடே. உடல் தேறியபின், மருத்துவர் இசைவுடன் அடுத்த ஏகாதசியை முறைப்படி அனுஷ்டிக்கலாம்.