மூன்றாவதாக வந்தவனுக்கு ஓர் அடி

நகரத்துப் பள்ளிக்கூடங்கள் – 11

காலையில் முதலில் வரும் பையனின் உள்ளங்கையில் வாத்தியார் சரஸ்வதியின் பெயரை எழுதுவார். இரண்டாவதாக வருபவன் கையில் ஒரு சுழியம். அவனுக்குப் பாராட்டும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி. நான்காமவனுக்கு இரண்டு. அப்புறம் ஆளுக்கு ஒன்றாக ஏறிக்கொண்டே போகும். முப்பதாவதாக வருகிறவன் தனக்கு எத்தனை என்று வரும் வழியிலேயே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பெல்லாரி கலெக்டர் ஏ.டி. கேம்ப்பெல் 1823 ஆகஸ்டில் சென்னை ரெவின்யூ போர்டுக்கு அனுப்பிய அறிக்கையில் இருக்கிற செய்தி இது. அதற்கு முந்தைய ஆண்டு கவர்னர் தாமஸ் மன்ரோ, மாகாணத்தில் எத்தனை பள்ளிக்கூடம், யார் யார் படிக்கிறார்கள் என்று எல்லாக் கலெக்டர்களையும் கேட்டிருந்தார். மற்றவர்கள் பெரும்பாலும் பட்டியலை நிரப்பி அனுப்ப, கேம்ப்பெல் உட்கார்ந்து விரிவாக எழுதினார். பெல்லாரி அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது, இன்று கர்நாடகத்தில். ஒன்பது லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்த அந்த மாவட்டத்தில் 533 பள்ளிகள், 6,641 பிள்ளைகள். அதில் பெண் குழந்தைகள் அறுபது பேர்.

அதே அறிக்கையில் தண்டனைகளும் வருகின்றன. சோம்பேறிப் பையனுக்குப் பிரம்படி. இரண்டு கையையும் கட்டிக் கப்பி வைத்துக் கூரையில் தொங்கவிடுவதும் உண்டு. நம் திண்ணைப் பள்ளிகளில் இதற்குக் கோதண்டம் என்று பெயர். இன்னொன்று, விடாமல் மண்டியிட்டு எழுவது. தோப்புக்கரணத்தின் உறவுக்காரன், பெங்களூரில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குப் ‘பஸ்கி’ என்றால்தான் சட்டென்று கால் வலிக்கும். இந்தக் கடைசித் தண்டனை மிகவும் வேதனையானது, ஆனாலும் உடம்புக்கு நல்லதாக இருக்கலாம் என்று கேம்ப்பெல் ஒரு வரி சேர்க்கிறார். தோப்புக்கரணம் மூளைக்கு நல்லது என்று இன்று காணொளி போடுகிறவர்களுக்கு அவர்தான் முன்னோடி போலிருக்கிறது.

இந்த அறிக்கைகளைத் திரட்டி தரம்பால் 1983-இல் வெளியிட்ட நூல், தமிழில் ‘அழகிய மரம்’ என்று வந்திருக்கிறது. வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே நம் ஊரில் எத்தனை பள்ளிக்கூடம் பாருங்கள் என்று மேடையில் பேசுகிறவர்கள் கப்பியும் கயிறும் வரும் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். கயிற்றை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுகிறவர்களோ பின்னால் வரும் பத்தியைப் படிப்பதில்லை. மணலில் எழுதிப் பழகுவதையும் மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பதையும் கேம்ப்பெல் அங்கே மெச்சுகிறார். இங்கிலாந்தே அதைப் பார்த்துப் படித்துக்கொண்டது என்கிறார்.

உண்மைதான். எழும்பூர் அநாதை இல்லத்தில் வேலை பார்த்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் அந்த முறையைக் கொண்டுபோய் ‘மெட்ராஸ் சிஸ்டம்’ என்று லண்டனில் பரப்பினார். பெல் பிரம்பைக் கூடியமட்டும் குறைத்தவர். தப்பு செய்த பையனின் பெயர் ஒரு கறுப்பு நோட்டில் ஏறும்; வாரம் ஒருமுறை சக மாணவர்களே கூடித் தீர்ப்புச் சொல்வார்கள். அவருக்குப் போட்டியாக வந்த ஜோசப் லங்காஸ்டரும் பிரம்பு கூடாது என்றவர்தான். அதற்குப் பதில் பையனைக் கூண்டில் வைத்துக் கூரையிலிருந்து தொங்கவிட்டார். அடியை நிறுத்துகிற இடத்தில் அவமானம் வந்து உட்காரும் என்பதற்கு இருநூறு வருடத்துக்கு முந்தைய சாட்சி அது.

பெங்களூருக்கு வருவோம். கண்டோன்மென்ட் வளர வளர, ராணுவத்தார், ரயில்வேக்காரர்கள் பிள்ளைகளுக்கென்று ஆங்கிலப் பள்ளிகள் எழுந்தன. 1865-இல் பிஷப் காட்டன் பள்ளி. 1870-களில் அதன் வார்டனாக இருந்தவர், திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த நம் ஜி.யு. போப். 1880-இல் பால்ட்வின். இன்னொரு பக்கம், ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் 1873-இல் தொடங்கிய ஆர்.பி.ஏ.என்.எம். பள்ளிகள்; வசதியில்லாத தமிழ்ப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்த இடம். திண்ணைப் பிரம்பும் இங்கிலாந்துப் பிரம்பும் இந்த ஊரில் கைகுலுக்கிக்கொண்டன என்று சொல்லலாம். ஒன்று கோபத்தில் கண்டபடி விழும். மற்றது ஹெட்மாஸ்டர் அறைக்குப் போய், வரிசையில் நின்று, ‘தேங்க்யூ சார்’ சொல்லிவிட்டு வாங்கிக்கொள்வது. வாங்கியவர்கள் இன்று பழைய மாணவர் விருந்துகளில் அதைப் பதக்கம் மாதிரி காட்டுகிறார்கள். பாதியில் படிப்பை விட்டு ஓடியவர்களை அந்த விருந்துக்கு யாரும் அழைப்பதில்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான் படித்த பள்ளியிலும் பிரம்பு இருந்தது. வலது கையில் வாங்கினால் எழுத முடியாது என்று இடது கையை நீட்டச் சொல்லும் அளவுக்குக் கருணையுள்ள வாத்தியார்களும் இருந்தார்கள். ஸ்கேலைக் குறுக்கே திருப்பி விரல் முட்டியில் தட்டுகிறவர்களும் இருந்தார்கள். எங்களுக்கு வியப்பு, யாருக்கு எத்தனை விழும் என்பது வகுப்பு தொடங்கும்போதே ஏறக்குறையத் தெரிந்துவிடும் என்பதுதான். வீட்டுப்பாடம் எழுதாத டாக்டர் மகனுக்கு “ஏம்பா, உடம்பு சரியில்லையா?” என்ற கேள்வி. காய்கறி வண்டி தள்ளுகிறவர் மகனுக்குக் கேள்வி கிடையாது.

அந்த வண்டிக்காரரே ஒருநாள் பள்ளிக்கு வந்து, “கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சுடுங்க சார்” என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். தமிழ்நாட்டிலும் இங்கேயும் இந்த வாக்கியத்தைக் கேட்காத வாத்தியார் இருக்க முடியாது. கன்னடத்தில் ‘தண்டம் தசகுணம்’ என்பார்கள். நம்மிடம் ‘அடியாத மாடு படியாது’. அன்பும் நம்பிக்கையும் கலந்த இந்தப் பேச்சுக்குச் சட்டத்திலும் ஓர் இடம் உண்டு. 1860-இல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு என்ன சொன்னது? பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் நன்மைக்காக, நல்லெண்ணத்தோடு, காப்பாளரோ அவர் சம்மதத்தின்பேரில் வேறொருவரோ செய்வது குற்றமாகாது. சில விதிவிலக்குகள் உண்டு. அந்தப் பிரிவின் கீழே தரப்பட்டிருக்கும் எடுத்துக்காட்டு, பிள்ளையின் உடம்பிலிருக்கும் கல்லை அறுத்தெடுக்கத் தகப்பன் மருத்துவரிடம் விடுவது. அறுவை மருத்துவருக்காகப் போட்ட குடையின் கீழ் பிரம்பு வைத்திருந்த வாத்தியாரும் ஒதுங்கிக்கொண்டார். தோலை உரிக்கச் சொன்ன தகப்பன், தனக்குத் தெரியாமலே, எழுத்தில் இல்லாத ஒரு சம்மதப் பத்திரத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

பிரம்பை நமக்குப் பாதி கற்றுக்கொடுத்த இங்கிலாந்து 1986-இல் அரசுப் பள்ளிகளில் அதை விலக்கியது; நாடாளுமன்றத்தில் 231-க்கு 230, ஒரே ஓட்டு வித்தியாசம். நாம் 1992-இல் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை ஏற்றோம். 2000 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், அடிக்க அனுமதித்திருந்த டெல்லிப் பள்ளி விதியைச் செல்லாது என்றது. தமிழ்நாடு 2003-இல் தன் கல்வி விதியைத் திருத்தியது. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்தது.

சட்டம் வந்த அந்தக் கல்வியாண்டை ஒட்டித் தேசியக் குழந்தை உரிமை ஆணையம் ஏழு மாநிலங்களில் 6,632 பிள்ளைகளிடம் கேட்டது. தண்டனையே வாங்கியதில்லை என்று சொன்னவர்கள் ஒன்பது பேர். எனக்கு அதைவிட உறுத்துவது இன்னொரு எண்: ‘உனக்கெல்லாம் படிப்பு வராது’ என்கிற தினுசில் திட்டு வாங்கியவர்கள் நூற்றுக்கு எண்பத்தொரு பேர். பிரம்படி வாங்கியவர்களைவிட இவர்கள் அதிகம். 2012-இல் ஆணையம் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டபோது, பெஞ்ச் மேல் நிற்க வைப்பது, முட்டி போடச் சொல்வது, நாற்காலி இல்லாமல் நாற்காலியில் உட்காருவதுபோல் நிற்க வைப்பது, சாதியைச் சொல்லிக் குத்திக்காட்டுவது எல்லாவற்றையும் பட்டியலில் சேர்த்தது.

இன்றைய பெங்களூரில் பெரிய கட்டணப் பள்ளிகளில் பிரம்பைக் காண முடியாது. 2014-இல் ஒரு பள்ளியில் சிறுமிக்கு நேர்ந்த பாலியல் கொடுமைக்குப் பிறகு நகரமே கொதித்தது, அதற்கப்புறம் சி.சி.டி.வி. கேமரா பள்ளிகளில் சாதாரணமாகிவிட்டது. கேமரா இருக்கும் வகுப்பில் யார் கையை ஓங்குவார்? அங்கே இப்போது டைரி நோட், கவுன்சலர், பேரண்ட்ஸ் மீட்டிங், வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் பொதுவாகப் போடப்படும் ஒரு ‘நினைவூட்டல்’. யாரைச் சொல்கிறார்கள் என்று நாற்பது அம்மாக்களுக்கும் தெரியும். கட்டணம் கட்டாத பிள்ளையை வகுப்பில் விடாமல் லைப்ரரியில் உட்கார வைக்கிற பள்ளிகளும் உண்டு. அடிக்கவில்லையே என்பார்கள். லங்காஸ்டரும் அடிக்கவில்லை.

பிரம்பு எங்கே போனது என்று தேட வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் கோலார் மாவட்டம் மாலூர் தாலுகாவில், மொரார்ஜி தேசாய் உறைவிடப் பள்ளி மாணவர்களைக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்கிச் சுத்தம் செய்ய வைத்த காணொளி வெளியானது. முதுகில் பையோடு, கையைத் தூக்கியபடி பிள்ளைகள் முட்டி போட்டிருக்கும் காட்சியும் வந்தது. பணியிடை நீக்கம், கைது எல்லாம் நடந்தன. பெங்களூரிலிருந்து அது அதிக தூரமில்லை. அதே மாதம் நகருக்குள்ளேயே, அந்திரஹள்ளி அரசுப் பள்ளியில் பிள்ளைகள் கழிப்பறை கழுவும் காட்சி வந்தது. தலைமை ஆசிரியை பணியிடை நீக்கம் ஆனார். 2025 அக்டோபரில் நகரின் மேற்கே ஒரு சிறிய தனியார் பள்ளியில், இரண்டு நாள் வராமலிருந்த ஐந்தாம் வகுப்புப் பையனைப் பிளாஸ்டிக் குழாயால் அடித்ததாகத் தாய் புகார் கொடுத்து வழக்குப் பதிவானது.

கூரைவீட்டுப் பிள்ளைதான் பெல்லாரியிலும் கடைசியில் வந்திருப்பான். மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, தண்ணீர் தூக்கிவிட்டுத்தான் அவனால் கிளம்ப முடியும். இன்றைய பெங்களூரில் அம்மா ஆறு மணிக்கே அபார்ட்மென்ட் வேலைக்குப் போய்விட, தங்கையைக் கிளப்பிவிட்டு ஓடிவருகிறவன் கேட் பூட்டியபிறகு வந்து நிற்கிறான். குற்றத்தின் அளவுக்குத் தண்டனை என்பது புத்தகத்தில். நடைமுறையில், நாளைக் காலை இந்தப் பிள்ளைக்காக யார் வந்து கேட்பார்கள் என்ற கணக்குதான் ஓங்கின கையை நிறுத்துகிறது அல்லது இறக்குகிறது.

வாத்தியாரைத் திட்டிவிட்டு மட்டும் இந்த அத்தியாயத்தை முடித்துவிட முடியாது. தொடக்கப் பள்ளியில் முப்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்கிறது சட்டம். ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்பை வைத்துக்கொண்டு தெலுங்கு, தமிழ், உருது, இந்தி பேசும் பிள்ளைகளுக்குக் கன்னடத்தில் கற்பிக்கும் மேஷ்ட்ருகளை இந்த நகரில் பார்க்கலாம். பல இடங்களில் அவர் கெஸ்ட் டீச்சர். மாதம் பத்துப் பன்னிரண்டாயிரம், அதுவும் நேரத்துக்கு வராது. தேர்தல் வேலை, சர்வே வேலை வேறு. 2025-இல் சாதிக் கணக்கெடுப்புக்காகத் தசரா விடுமுறையையே நீட்டினார்கள். “அடிக்கக் கூடாது என்று சொன்னவர்கள், பதிலுக்கு என்ன செய்வது என்று எங்களுக்கு எப்போது சொல்லிக்கொடுத்தார்கள்?” என்பது ஆசிரியர் அறைகளில் சாதாரணமாகக் கேட்கிற கேள்வி. நியாயமான கேள்வி. ஆனால் இதே கேள்வியைக் கேட்கிற மேஷ்ட்ரு, எஸ்.டி.எம்.சி. என்ற பள்ளி மேம்பாட்டுக் குழுத் தலைவரின் பிள்ளையிடம் மட்டும் வேறு வழியைத் தானாகவே கண்டுபிடித்துவிடுகிறார்.

சட்டத்தின் ஓட்டைகளையும் சொல்லியாக வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதுக்கு. எஸ்.எஸ்.எல்.சி. படிக்கும் பதினைந்து வயதுப் பையனும் எல்.கே.ஜி. குழந்தையும் அதற்கு வெளியே. 2014-இல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்றது. கண்டோன்மென்டின் பழைய பெயர்பெற்ற பள்ளிகளில் பல அந்த வகையைச் சேர்ந்தவை. அந்தத் தீர்ப்பின் மீது உச்ச நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வே 2025 செப்டம்பரில் சந்தேகம் எழுப்பி, பெரிய அமர்வுக்கு விடுவது பற்றி முடிவெடுக்கத் தலைமை நீதிபதிக்கு அனுப்பியது. 17-ஆம் பிரிவை மீறினாலும் அந்தச் சட்டம் விதிப்பது பணி விதிகளின்படியான ஒழுங்கு நடவடிக்கை மட்டும்தான், சிறை இல்லை. 2024 ஜூலையில் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. பழைய 89-ஆம் பிரிவு 27 என்ற புது எண்ணோடு அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

பல்லுள்ள சட்டமாக இருப்பது 2015-இன் சிறார் நீதிச் சட்டம், 75-ஆம் பிரிவு. பதினெட்டு வயதுவரை எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தும். பொறுப்பில் இருப்பவர் கொடுமை செய்தால் மூன்றாண்டுவரை சிறை. குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யலாம், வட்டாரக் கல்வி அதிகாரியான பி.இ.ஓ.விடம் எழுதிக் கொடுக்கலாம், மாநிலக் குழந்தை உரிமை ஆணையத்துக்குப் போகலாம், போலீஸுக்கும் போகலாம். போலீஸ் ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார வைத்து டீ வாங்கிக்கொடுத்து, இன்ஸ்பெக்டரோ பள்ளித் தரப்பில் வந்த யாரோ ஒருவரோ அந்த அம்மாவிடம் பேசும் பேச்சு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும்: “கேஸ் போடலாம் அம்மா, தாராளமாப் போடலாம். ஆனா நாளைக்கும் பிள்ளை அங்கேதானே படிக்கணும்?” வருஷ நடுவில் டி.சி. வாங்கி வேறு எங்கே சேர்ப்பது என்று அந்த அம்மா யோசிக்கத் தொடங்குவார். டி.சி. தாமதமானாலும் சேர்க்க மறுக்கக் கூடாது என்று அதே கல்வி உரிமைச் சட்டம் சொல்வதை அந்த இடத்தில் அவருக்குச் சொல்ல ஆள் இருக்காது.

(தொடரும்)