சிவந்து காட்டும் செடி

வேதாரண்யத்துக் கிணற்றில் உப்பு ஏறினால் நாக்கு உடனே சொல்லிவிடும். பூச்சிமருந்து கலந்திருந்தால்? காவிரியின் கடைமடை இது. எத்தனையோ வயல்களைக் கடந்துதான் தண்ணீர் இங்கே வருகிறது. மருந்தைக் காட்டிக்கொடுக்கவென்றே ஒரு செடியை உருவாக்கியிருப்பதாகக் கலிபோர்னியாவின் ரிவர்சைடு பல்கலைக்கழகத்து ஷான் கட்லர் குழுவினர் 2023இல் அறிவித்தார்கள். அசின்பாஸ்-எத்தில் என்ற கொடிய பூச்சிக்கொல்லி பட்டால் அது பீட்ரூட் போலச் சிவக்கிறது.

செடிக்கு நாக்கு இல்லை, தாகம் உண்டு. மண் காய்ந்தாலும் வேரில் உப்புநீர் ஏறினாலும் நெற்பயிரில் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் பெருகும். அதற்காகச் செல்லுக்குள் சில புரதங்கள் காத்திருக்கின்றன. அரபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துக் களைச்செடியில் அப்படிப்பட்ட ஒன்றின் பெயர் பி.ஒய்.ஆர்.1. நடுவில் ஒரு குழி, மேலே மூடி. ஹார்மோன் குழியில் அமர்ந்ததும் மூடி விழும். மூடிய புரதம் இன்னொரு புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். வறட்சிக்கான ஏற்பாடுகளை அதுவரை அமுக்கி வைத்திருந்தது அந்த இரண்டாவது புரதம்தான். அது சிக்கியதும் இலைத்துளைகள் மூடும், நீர் மிச்சமாகும்.

2009இல் பி.ஒய்.ஆர்.1 புரதத்தை அடையாளம் கண்டவர்களில் கட்லரும் ஒருவர். பிறகு குழியின் சில அமினோ அமிலங்களை மாற்றி, ஹார்மோன் இருந்த இடத்தில் பூச்சிமருந்து பொருந்தும்படி செய்தார்கள். அதோடு விட்டிருந்தால், மருந்து பட்ட செடி வறட்சி வந்துவிட்டதாக எண்ணித் துளைகளை மூடிக்கொண்டு நிற்கும். ஆகவே, மாற்றிய பி.ஒய்.ஆர்.1 புரதமும் இரண்டாவது புரதத்தின் மாற்றிய வடிவமும் தங்களுக்குள் மட்டுமே இணையும்படி அவற்றின் பிடியையும் திருத்தினார்கள். எனக்கு இதுதான் பெரிய சாமர்த்தியமாகப் படுகிறது. பீட்ரூட்டின் பீட்டாலெய்ன் நிறமியை உண்டாக்கும் மரபணுக்களைக் கோத்துவிட்டது அதற்குப் பிந்தைய வேலை.

இது இன்னும் ஆய்வுக்கூடத்துச் செடிதான். எந்த மருந்துக்காகக் குழியைச் செதுக்கினார்களோ அதைத்தான் அறியும்; பச்சையாக நிற்கிறதே என்று குடத்துத் தண்ணீரை நம்ப முடியாது. நிறமி சேரவும் நேரம் பிடிக்கும். இந்தியாவில் வெளியே வளர்க்க மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் ஒப்புதல் வேண்டும்.

தவிர, இந்தச் செடியான அரபிடாப்சிஸ் உப்பைத் தாங்காது. உவர்நீரிலும் செழிக்கும் செடி வேண்டுமென்றால் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வேதாரண்யத்தில் அமைத்த உவர்த்தாவரப் பூங்காவில் தேடலாம். உப்பளத்து ஓரங்களில் உமரி தானாகவே முளைத்துக் கிடக்கிறது. ஆனால் உமரியைத் தேர்ந்தெடுத்தால் சிவப்புக்குப் பதில் வேறு நிறத்தைத்தான் அடையாளமாக வைக்க வேண்டும். அதுவும் பீட்ரூட்டின் குடும்பம். உப்பும் வெயிலும் கூடினால், மருந்து எதுவும் படாமலே அதே வகை நிறமியால் சிவந்துவிடும்.