சான்றிதழ் சொல்லாத திறன்கள்

ஒரு பணிக்கு இரு பட்டதாரிகள் நேர்முகத் தேர்வுக்கு வருகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் ஒரே துறையில் பட்டம் பெற்றவர்கள். புள்ளிகளிலும் பெரிய வேறுபாடு இல்லை. "குழுவாகச் செய்த வேலையில் எழுந்த ஒரு சிக்கலைக் கூறுங்கள்" என்கிறார் அதிகாரி. ஒருவர், "எங்கள் குழுவில் எந்தச் சிக்கலும் எழவில்லை" என்று முடித்துக்கொள்கிறார். மற்றவரோ, நண்பர் ஒருவர் தம் பகுதியைக் குறித்த நாளில் முடிக்காததையும், அவரிடம் பேசிக் காரணம் அறிந்து, வேலையைப் பகிர்ந்துகொண்டதையும் விளக்குகிறார். இரண்டாமவர் மீதே அதிகாரிக்கு நம்பிக்கை பிறக்கிறது.

பிறருடன் இணைந்து செயல்படவும் சிக்கலைத் தீர்க்கவும் உதவும் இத்தகைய ஆற்றல்களே மென்திறன்கள் எனப்படுகின்றன. மலேசிய உயர்கல்வி அமைச்சு 2006ஆம் ஆண்டில் இவற்றை ஏழாக வகுத்தது. தொடர்புத்திறன், ஆய்வுச் சிந்தனையும் சிக்கல் களைதலும், குழுப்பணி, வாழ்நாள் கல்வியும் தகவல் மேலாண்மையும், தொழில்முனைப்பு, பணிநெறியும் ஒழுக்கமும், தலைமைத்துவம் ஆகியன அவை.

முதலாளிகள் இவற்றை ஏன் எதிர்பார்க்கின்றனர்? ஒரு புதிய மென்பொருளைப் பயன்படுத்தும் முறையைப் பயிற்சியளித்துக் கற்பித்துவிடலாம். தவற்றை மறைக்கும் பழக்கத்தை மாற்றுவது அவ்வளவு எளிதன்று. புதிய கணக்கர் ஒருவர் விலைப்பட்டியலில் ஓர் எண்ணைத் தவறாக எழுதிவிட்டால், உடனே மேலாளரிடம் கூறித் திருத்திவிடலாம். மறைத்தால், நிறுவனம் வாடிக்கையாளரின் நம்பிக்கையையே இழக்க நேரிடும்.

மென்திறன் என்றால் சரளமாகப் பேசுவது மட்டுமே எனச் சிலர் எண்ணுகின்றனர். பிறர் கூறுவதைக் கவனித்துக் கேட்பதும் தொடர்புத்திறனே. கலகலப்பாகப் பேசுபவரையே சிறந்தவர் எனக் கருதும் நிறுவனம், அமைதியான திறமைசாலியை இழந்துவிடக்கூடும். மேலும், பணியில் புதிதாகச் சேர்பவருக்கு வழிகாட்டும் பொறுப்பு நிறுவனத்திற்கும் உண்டு. எல்லாக் குறையையும் பட்டதாரிகள் மீதே சுமத்துவது முறையாகாது.

எனினும், இத்திறன்கள் பட்டமளிப்பு நாளன்று திடீரென முளைப்பவை அல்ல. பள்ளிப் பருவத்திலேயே பழகிக்கொள்ள வேண்டியவை. மலேசிய அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான மதிப்பீட்டில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் உரியவை. அந்தப் புள்ளிகளுக்காக மட்டும் கழகத்தில் பெயர் கொடுப்பவர் புள்ளிகளைப் பெறலாம். திறனைப் பெற மாட்டார். கழகச் செயலாளராகக் கூட்டக் குறிப்பு எழுதும் மாணவர், பிறர் கருத்தைச் சுருக்கமாகவும் சரியாகவும் பதிவு செய்யக் கற்கிறார். பொருளாளராக இருப்பவர், ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் கணக்குக் காட்டப் பழகுகிறார். முகாமில் சமைக்கும் குழுவினர், கருத்து வேறுபாட்டுக்கு இடையிலும் உரிய நேரத்தில் உணவைத் தயாரிக்கின்றனர்.

சான்றிதழ் ஒருவரை நேர்முகத் தேர்வின் வாசல்வரை அழைத்துச் செல்லும். அதன்பின் அவருக்குத் துணை நிற்பவை, இவ்வாறு நாள்தோறும் பழகிய பழக்கங்களே.